லிட்டனும் உனக்கு பாபாவா?

நான் ஆஷிக் மிருதா எழுதறேன். வயசு இருபத்திமூணு. மாலத்தீவுல, மாலேல வேலை பார்க்கிறேன். பேரு, ஊரெல்லாம் சொல்லி ஆரம்பிக்கிறேன்னா கோவமா இருக்கேன்னு அர்த்தம். முன்னி, இதை அப்படியே அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு. தங்கச்சியா லட்சணமா நடுவுல எதையும் முழுங்காம வாசி.

வெள்ளிக்கிழமை லீவு. தொழுகை முடிஞ்சதும் நானும் லிட்டனும் படகு ஏறிப் பக்கத்துத் தீவு வில்லிமாலேக்குப் போனோம். லிட்டன் என் பக்கத்துக் கட்டில்காரன், டைல்ஸ் ஒட்டறவன். போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அவன் போன்லேர்ந்துதான் உங்ககிட்டப் பேசினேன். அவன் நம்பர் உங்ககிட்ட வந்தது அப்படித்தான். என் தப்பு.

நல்ல நாள்தான், பொய் சொல்லக் கூடாது. ரெண்டு மணி நேரம் கடல்லயே கிடந்தோம். அப்புறம் மரத்தடியில உக்காந்து, பொரியில கடுகெண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் குலுக்கினான். டீக்கடை அக்கா அவனுக்கு மட்டும் மீன் உருண்டை ரெண்டு கூட வச்சாங்க.

"எனக்கு இல்லையாக்கா?"

"நீ சிரிக்கவே மாட்டேங்கிறியே தம்பி."

லிட்டன் வாய் நிறையப் பொரியோட சொன்னான், "போட்டோவுல பார்த்தேன், உங்க வீட்டுக்கு அந்த நீலத் தகரம் எடுப்பா இருக்குடா."

"எந்தத் தகரம்?"

மெல்றதை நிறுத்திட்டான்.

"லிட்டன், எந்தத் தகரம்டா?"

"ஒண்ணுமில்ல. காத்துல அடுப்படிக் கூரை பறந்துச்சில்ல, அதுக்குப் புதுசு போட்டாங்களே. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எப்பப் பறந்துச்சு?"

"பதினெட்டு நாள் இருக்கும். யாருக்கும் அடியில்லடா."

பதினெட்டு நாளும் நான் போன் பண்ணேன்மா. "என்ன விசேஷம்"னு கேட்டேன். "பூசணி பூ விட்டிருக்கு"ன்னு சொன்னே.

போனைக் குடுடான்னேன். மாட்டேன்னான். பிடுங்கிட்டேன். உன் குரல் அதுல வரிசையா இருக்கு. "பாபா, சாப்பிட்டியா? பாபா, எங்க ஆஷிக்கிட்ட சொல்லிடாதே, அவன் தூங்க மாட்டான்."

பெத்த பிள்ளையைக் கொஞ்சற மாதிரி பாபான்னு நீ கூப்பிடறது என்னை மட்டும்தான்னு நெனச்சுட்டிருந்தேன். என்கிட்ட இப்பல்லாம் "ஆஷிக், மாத்திரை போட்டியா"தான். அவன்கிட்ட சிரிக்கிறே. மூணாவது மெசேஜ்ல நல்லாவே சிரிக்கிறே.

"பொறாமையாடா?"ன்னான்.

"அவ எங்கம்மாடா."

"யாரு இல்லேன்னா? வேணும்னா எங்கம்மா நம்பரை நீ வச்சுக்கோ. ஒரு நாள் திட்டு வாங்கிப் பாரு, தெரியும்."

எனக்குச் சிரிப்பு வரல.

"வீட்டுல பம்பு ரிப்பேர்னு சொன்னதுக்கு ஒரே நாள்ல பதினோரு தடவை கூப்பிட்டவன் நீ. அவங்க யார்கிட்டதான்டா சொல்லுவாங்க?"

நான் எழுந்து படகுக்கு நடந்தேன். அவன் முன்னாடி உக்காந்தான், நான் பின்னாடி. இறங்கறப்ப என் ஈரத் துண்டையும் அவன்தான் தூக்கிட்டு வந்தான். அதுவும் எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு.

பதினோரு தடவை கூப்பிட்டது உண்மைதான்மா. கூரை பறந்துச்சுன்னு கேட்டா தூக்கம் வராதுதான். பரவால்ல, வராம போகட்டும். என் வீட்டுக் கூரை பறந்ததை இன்னொருத்தன் வாயால கேட்டதுல மட்டும் தூக்கம் வந்துடுமா? லிட்டனை நீ எப்படி வேணா கூப்பிட்டுக்கோ. நான் கேக்கறது ஒண்ணுதான். நல்லதோ கெட்டதோ, முதல்ல எனக்குச் சொல்லுங்க.