ஆக்ஸிலரேட்டர் இல்லாத பக்கம்

ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். மீதிப் பாதி, அவருடைய திட்டுத் தாங்காமல் நடுவில் ஓடிப்போய் வேறு பள்ளியில் கற்றுக்கொண்டவர்கள். ஆக, ஊரின் போக்குவரத்துக்கு மொத்தமாக அவர்தான் பொறுப்பு. நெரிசலும் அதில் அடக்கம்.

அவர் ஓய்வு பெற்றபோது ஓட்டுநர் பள்ளி முதலாளி, பள்ளியின் பழைய காரையே பரிசாகக் கொடுத்தார். அதை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள் என்பது முதலாளிக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும், காருக்கும் தெரிந்திருக்கும். கூரை மேலிருந்த பலகையைக் கழற்றினார்கள். இடது பக்கம் பயிற்சியாளருக்கென்று தனியாக இருந்த கிளட்ச்சையும் பிரேக்கையும் கழற்றினார்கள். அந்த இடத்தில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு மூடிச் சாவியைக் கையில் கொடுத்தார்கள்.

சாவி வந்த வாரமே வீட்டு கேட் தூண் சாய்ந்தது. அடுத்து எதிர்வீட்டுக்காரரின் பூந்தொட்டிகள் போயின. பிறகு கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்த ஒரு ஸ்கூட்டர்.

மகளுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துப் பிரிவில் வேலை. காலை முதல் மாலை வரை அப்பளமான கார்களின் படங்களைப் பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அந்தக் கண்ணோடு வீட்டுக்கு வந்து அப்பாவின் காரைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

"வித்துடலாம்ப்பா. எங்க போகணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீ ஓட்ட, நான் பக்கத்துல உட்கார்ந்து வரணுமா? உனக்கு ஓட்டக் கத்துக்குடுத்ததே நான்தான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். கத்துக்குடுத்தது நீங்க. ஓட்டுறது நான்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. வண்டி போய்விட்டால் அவர் வெறும் அப்பா. வேளாவேளைக்கு மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்கப்படுகிற ஆள். வண்டி இருக்கிற வரைக்கும்தான் மாஸ்டர். அந்தக் கோபத்தில் வாயை விட்டார்.

"மலை மேல இருக்கிற ஊருக்குத் தனியா ஓட்டிட்டுப் போய்க் காட்டுறேன். போய்ட்டா அப்புறம் இந்த வீட்டுல வண்டியைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது."

"போக முடியலைன்னா?"

"சாவியை உன் கையில குடுத்துடுறேன். நீ வித்துக்கோ, உடைச்சுக்கோ."

மாப்பிள்ளை செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அவர் நிம்மதியாகக் காலம் தள்ளுவது இப்படித்தான்.

சமவெளியில் எல்லாம் பிரமாதமாகப் போனது. மாஸ்டர் வழக்கம்போல் வாய்விட்டே ஓட்டினார். "கண்ணாடியைப் பாரு. ஹாரன் அடி. கியரை மாத்து. ஏன் இப்படி ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டிருக்கே, அது என்ன உன் மாமனார் சொத்தா?" காரில் வேறு யாரும் இல்லை. திட்டியவரும் அவர்தான், வாங்கிக்கொண்டவரும் அவர்தான். மாணவன் சுமார்தான் என்றாலும் எதிர்த்துப் பேசவில்லை.

மலை தொடங்கியது. முதல் சில கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரிலேயே, வண்டி முனக முனக ஏறிவிட்டார். பக்கவாட்டில் மேகம் வந்து நின்றது. பாட்டுகூட வந்தது அவருக்கு. இந்த நேரம் பார்த்து மகள் பக்கத்தில் இல்லையே என்று வருத்தப்பட்டார்.

அதற்கடுத்த வளைவில் முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி ஒன்று மேலிருந்து வந்தது. லாரிக்காரன் நல்லவன். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பதை மதித்து, வளைவுக்கு மேலேயே ஓரங்கட்டி நிறுத்தி, விளக்கைச் சிமிட்டி, வா என்று கையையும் ஆட்டினான். மாஸ்டர் நிறுத்தவே வேண்டியதில்லை. அப்படியே போயிருக்கலாம்.

ஆனால் அவருடைய வலது கால் லாரியைப் பார்த்துவிட்டது. பார்த்த மாத்திரத்தில் பிரேக்கை மிதித்துவிட்டது.

அந்தக் காலைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு மேலாக அது இடது பக்க இருக்கையில் வேலை பார்த்த கால். பயிற்சியாளர் பக்கத்தில் ஒரு கிளட்ச் உண்டு, ஒரு பிரேக் உண்டு, ஆக்ஸிலரேட்டர் கிடையாது. போக வைப்பது மாணவனின் வேலை, நிறுத்துவது மாஸ்டரின் வேலை. வாழ்நாளெல்லாம் நிறுத்தி நிறுத்தியே சம்பாதித்த கால் அது. நிறுத்துவதில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

"பரவாயில்லை, பதறாதே" என்றார் மாஸ்டர். "ஹேண்ட்பிரேக்கைப் போடு. முதல் கியர். கிளட்ச்சை மெதுவா பாதிக்கு விடு. வண்டி லேசா நடுங்கும். இப்ப ஆக்ஸிலரேட்டரைக் கொடு. ஹேண்ட்பிரேக்கை விடு."

அருமையான பாடம். அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம். இடது கால் சொன்னபடி கேட்டது. கையும் கேட்டது. வலது கால் மட்டும், ஆக்ஸிலரேட்டரா, அது யார் என்று விழித்துவிட்டுப் பிரேக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

மறுபடி கிளப்பினார். மறுபடி அணைந்தது. அடுத்த தடவை காலை வலுக்கட்டாயமாகத் தூக்கி ஆக்ஸிலரேட்டரில் வைக்கப் போனார். அது போய்ச் சேருவதற்குள் வண்டி பின்னால் உருண்டது.

"பிரேக்! பிரேக்கை அமுக்குய்யா, தடிமாடு!" என்று கத்திக்கொண்டே வலது பக்கம் திரும்பி முறைத்தார். அவருடைய மாணவர்கள் எப்போதும் வலது பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அங்கே ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு இருந்தது. பள்ளத்தாக்கு அவரை நிதானமாகப் பார்த்தது.

அதற்குள் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டிருந்தது. 

பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் வரிசை கட்டியது. கண்டக்டர் இறங்கி வந்து ஜன்னலில் தலையை நீட்டினார்.

"பெரியவரே, வண்டியில என்ன கோளாறு?"

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப எடுங்க."

"எடுக்கிறேன்."

"எப்ப?"

மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்தார். "ஏத்தத்துல மேல போற வண்டிக்குத்தான் முன்னுரிமை. தெரியுமில்ல?"

"முன்னுரிமை முழுக்க உங்களுக்குத்தான். நாங்க யாரும் பங்கு கேட்கல. தயவுபண்ணி எடுத்துட்டுப் போயிடுங்க."

பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிவிட்டார்கள். மலைப்பாதையில் நின்ற காருக்குக் கிடைக்கிற மரியாதை கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்காது. ஒருவர் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டார். ஒருவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். எதற்கென்று கேட்டதற்கு, சும்மா பார்க்கலாமே என்றார். ஒரு அம்மா மட்டும் குனிந்து, "கூட யாரும் வரலையாப்பா?" என்று கேட்டாள். மற்ற எல்லாவற்றையும் தாங்கிக்கொண்ட மாஸ்டர், அதற்கு மட்டும் ஜன்னல் கண்ணாடியைப் பாதி ஏற்றினார்.

"கார் ஓட்டத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களாய்யா?" என்று கண்டக்டர் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

முப்பது வருடமாக அந்தக் கேள்விக்கு ஒரு ஊரே அவரைத்தான் கைகாட்டியது. இப்போது கூட்டத்திலிருந்து ஒரு மெத்தை வியாபாரி கையைத் தூக்கினான். அக்குளில், விற்பனைக்குக் காட்டும் சிறிய மெத்தை ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தான்.

"நான் மேலதான் போறேன் சார். தள்ளி உட்காருங்க. பஸ்ஸுல நிக்க இடமில்ல, நமக்கும் ஒரு வழியாச்சு."

மாஸ்டர் தள்ளி உட்காரவில்லை. பின்னால் ஹாரன்கள் கூடின. லாரிக்காரன் இன்னமும் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் கை வலிக்குமல்லவா? மாஸ்டர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். காரைச் சுற்றி நடந்து இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. அவ்வளவு சௌகரியமாக இருந்தது.

வியாபாரி மெத்தையைப் பின்சீட்டில் எறிந்தான். "ஏதாச்சும் ஆச்சுன்னா விழறதுக்கு மெத்தை இருக்கு, பயப்படாதீங்க" என்றான். அடுத்த நொடி வண்டி வளைவைத் தாண்டியிருந்தது. கிளட்ச்சும் ஆக்ஸிலரேட்டரும் எப்போது மாறின என்றே தெரியவில்லை.

அவன் ஓட்டியதைப் போல் கேவலமாக யாரும் ஓட்டி மாஸ்டர் பார்த்ததில்லை. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை போனில். போனில் யாரிடமோ தலையணை விலை பேசினான். வளைவுகளில் ஹாரன் என்ற பேச்சே இல்லை.

"கண்ணாடி" என்றார் மாஸ்டர், பொறுக்க முடியாமல்.

"கண்ணாடிக்கு என்ன?"

"அதைப் பார்க்கணும்."

அவன் பார்த்தான். முடியைச் சரிசெய்துகொண்டான். "தேங்க்ஸ் சார்."

ஒவ்வொரு வளைவிலும் மாஸ்டரின் கால் ரப்பர் விரிப்பை ஓங்கி மிதித்தது.

"என்ன சார் கீழ, எலியா?"

"ஒண்ணுமில்ல. நீங்க யாருகிட்ட ஓட்டக் கத்துக்கிட்டீங்க?"

"யாருகிட்டயும் இல்லையே. ஒருநாள் மாமா தூங்கிட்டிருந்தாரு. எடுத்துப் பார்த்தேன், ஓடுச்சு."

அதன் பிறகு மாஸ்டர் ஊர் வரும்வரை விரிப்பை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தார்.

மலையூரில், தங்கும் விடுதிக்கு முன்னால் சரிவில் காரைக் கோணலாக நிறுத்திவிட்டுச் சாவியை நீட்டினான். மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடப் போவதாகச் சொல்லிவிட்டுச் சந்தைக் கூட்டத்தில் கலந்துவிட்டான். பெயரைக்கூடச் சொல்லவில்லை.

மாஸ்டர் விடுதிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது; அவர் எடுக்கவில்லை. பிறகு மகளிடமிருந்து செய்தி வந்தது. 'எங்க இருக்கீங்கப்பா? பயமா இருக்கு.'

பயமாக இருக்கிறது என்று எழுதியவளுக்கு ஏதாவது பதில் அனுப்பத்தானே வேண்டும். காரையும் பின்னால் தெரிந்த மேகத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்து அனுப்பினார். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. படத்தில் பொய் ஒன்றும் இல்லை. கார் மேலே இருந்தது, அவரும் மேலே இருந்தார். நடுவில் நடந்ததைப் படம் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. இந்த முறை எடுத்தார்.

"அப்பா!" அவள் குரல் தழுதழுத்தது. "போய்ட்டீங்களே! நான்தான்ப்பா உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டிட்டேன். இனிமே வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன், போதுமா?"

அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து, தான் தப்பு என்று சொன்னது இதுதான் முதல் தடவை. மாஸ்டர் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

"சனிக்கிழமை நாங்களும் பஸ்ஸுல மேல வர்றோம்ப்பா. அங்கேயே இருங்க. இறங்கும்போது எல்லாரும் உங்ககூடக் கார்லயே வந்துடுறோம். பிள்ளைங்க உங்க பக்கத்து சீட்டுக்கு அடிச்சுக்கப் போறாங்க."

மாஸ்டர் காரைப் பார்த்தார். மூக்கு இறக்கத்தை நோக்கி நின்றது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக் கூடாது, சூடேறிப் பிடிக்காமல் போய்விடும் என்று பலகையில் கோடு போட்டு விளக்கியவர் அவர். வலது காலையும் பார்த்தார். அதற்கு வேறு எதுவும் தெரியாது.

"அம்மா" என்றார். "நான் ஓட்டலம்மா."

"என்னது?"

"பாதி மலையில நின்னுட்டேன். ஒரு மெத்தை வியாபாரிதான் ஓட்டிட்டு வந்தான்."

அவள் சிரித்தாள். "மெத்தை வியாபாரியா!"

"ஆமாம்மா. மெத்தையைக்கூடப் பின்சீட்டுல போட்டிருந்தான். மாமா தூங்கும்போது கத்துக்கிட்டானாம்."

"அய்யோ அப்பா, வயிறு வலிக்குது. இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன், திரும்பச் சொல்லுங்க!" அந்தப் பக்கம் ஒரு அலுவலகமே சிரித்தது. யாரோ, 'உங்க அப்பா செம ஆளு' என்றார்கள். உள்ளதைச் சொல்லச் சொல்ல அது இன்னும் நல்ல நகைச்சுவையாகிக்கொண்டே போனது.

சிரிப்பு அடங்கும் வரை மாஸ்டர் காத்திருந்தார்.

"பிள்ளைங்களை என் வண்டியில ஏத்தாதேம்மா" என்றார்.

ஸ்பீக்கர் அணையும் சத்தம் கேட்டது. கதவு ஒன்று திறந்து மூடியது. பிறகு அவள் குரல் மட்டும், பக்கத்தில், தாழ்வாக வந்தது.

"அடி ஏதும் படலையே?"

"இல்ல."

"அப்ப எப்படிப்பா இறங்குவீங்க?"

கிளட்ச் எங்கே, கியர் எங்கே, எவ்வளவு விடவேண்டும் என்று எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அதில் ஒன்றும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

"நீயே சொல்லும்மா" என்றார். "என்ன பண்ணட்டும்?"

அவள் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"சாவி எங்கப்பா?"

"கையிலதான் இருக்கு."

"வச்சிருங்க. நான் வந்து வாங்கிக்கிறேன்."

ஜெயித்துவிட்ட குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலாவது, பதிலுக்கு அவர் ஏதாவது சொல்லியிருப்பார்.