அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம்

அம்மா இறந்த மறுநாள் பத்திரிகைக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகும். ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பது மூத்த மகளின் வேலை. அதனால் படத்தைத் தயார் செய்யும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. தங்கையும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

அம்மா நேராக நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். இரண்டு கன்னத்திலும் படர்ந்த மங்கு அம்மாவுக்கு ஆறாத குறை. எந்தக் களிம்புக்கும் அது மசியவில்லை. படத்தில் பச்சைக் கதவின் முன்னால், சிவப்புச் சால்வை போர்த்தி, எடுத்தவர்மேல் லேசான கோபத்துடன் நிற்கிறாள்.

ஒரே சொடுக்கில் நிறத்தை எடுத்தபோது சால்வையும் கதவும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. தோள் எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. எந்த நிறம் எவ்வளவு வெளுக்க வேண்டும் என்று கூட்டிக் குறைக்க மென்பொருளில் வசதி உண்டு. மூத்தவள் சிவப்பைக் கூட்டினாள். சால்வை வெளுத்துத் தனியாகப் பிரிந்தது. கூடவே முகமும் வெளுத்தது. மங்கு இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"விட்டுரு அக்கா, இப்படியே இருக்கட்டும்," என்றாள் தங்கை. "அம்மா பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க."

மூத்தவளுக்கு மனசு ஒப்பவில்லை. யாரோ தூரத்துச் சொந்தக்காரியைப் பார்ப்பது போலிருந்தது. சிவப்பைக் குறைத்துப் பச்சையைக் கூட்டினாள். இப்போது கதவு வெளுத்தது, சால்வை கறுத்தது. மங்கு நிஜத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே தெரிந்தது. ஆனால் அது அம்மாவின் முகம்.

ஆயுசு முழுக்க அம்மா மறைத்ததை ஊருக்கே காட்டுவதா என்று தங்கை கேட்டாள். இல்லாத முகத்தைப் போட்டால் அது அம்மாவே இல்லையே என்றாள் மூத்தவள். பேச்சு தடிப்பதைக் கேட்டு அப்பா அறைக்குள் வந்தார். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார்கள்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பேப்பருக்கு வெளுத்ததைக் குடு. ஊர் பார்க்கிறது அவ இஷ்டப்படி இருக்கட்டும்," என்றார். பிறகு மற்றதைக் காட்டி, "இது எனக்கு."

அறிவிப்பு வந்த அன்று, துக்கம் கேட்க வந்தவர்களில் இரண்டு பேர் அம்மாவின் முகத்தில் எத்தனை களை என்று வியந்தார்கள். தங்கை சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியது. அக்கா போய் அணைத்துக்கொண்டாள்.

மற்ற படத்தை மூத்தவள் நல்ல தாளில் அச்சிட்டு, சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். கூடத்தில் எந்தச் சுவரில் மாட்டலாம் என்று கேட்டாள். அப்பா அதை வாங்கித் தம் அலமாரியில், சட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார்.

"கூடத்துல வேணாம்மா," என்றார். "நாலு பேர் வந்து போற இடம். கோவிச்சுக்குவா."