அம்புக்குறி தெற்கைப் பார்த்த மில்

எங்கள் மில்லில் ஐந்தாம் அலை தினமும் காலை ஷிப்டுக்கு வந்துவிடுவான். பின்பக்கமாகத்தான் நடந்து வருவான். நாங்கள் ஓரடி வைப்பதற்குள் ஐந்தடி வைப்பான். பேனல் ரூமில் அவனுக்கு ஒரு நாற்காலி உண்டு.

எல்லா மெஷினுக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் மாட்டிய பிறகு வந்த வழக்கம் இது. சீராக வளைந்து வரும் மின்சாரத்தை டிரைவ்கள் கடித்துக் கடித்துத் துப்பும். துப்பிய கோணல் அலையெல்லாம் ஆளாகி வேலைக்கு வரும்; ஐந்து மடங்கு வேகத்தில் துடிப்பவன் ஐந்தாமவன். ஐந்தாமவனுக்குப் பின்னால் ஏழாமவன் வருவான். அவனாவது நேராக நடப்பான். இவர்கள் உட்கார்ந்தால் மோட்டார் கொதிக்கும், கெப்பாசிட்டர் வெடிக்கும்.

நான் எலக்ட்ரிகல் இன்சார்ஜ். வெடித்ததை மாற்றுவது என் வேலை. வெடிக்காமலிருக்க வழி சொன்னால் கேட்பதற்கு அங்கே யாருக்கும் காது கிடையாது. மேனேஜர் ரங்கநாயகத்திடம் "சரிங்க சார்" என்று சொல்லாதவன் மில்லில் நான் ஒருவன்தான்.

ஒருவழியாக அவர் புத்திசாலி ஃபில்டர் ஒன்றை வாங்கினார். ஆள் உயரப் பெட்டி. முகத்தில் திரை. மெஷின்களுக்குப் போகும் மின்சாரத்தை ஒரு வளையம் வழியாக அளக்கும். அதில் கோணல் எது என்று கண்டுபிடித்து, அதற்கு நேர் எதிரான ஒன்றைச் செய்து அனுப்பும். இரண்டும் சந்தித்தால் ஒன்றும் மிஞ்சாது. புத்தியை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும் என்று மேனேஜர் ஒத்துக்கொண்ட ஒரே நாள் அது.

முதல் நாள் பெட்டிக்குள்ளிருந்து ஒருவன் இறங்கி வந்து ஐந்தாமவனைக் கட்டிக்கொண்டான். நாற்காலி காலியானது. மறுநாள் ஏழாமவன் போனான். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

புத்திசாலி என்பதால் பெட்டி அதோடு நிற்கவில்லை. எங்கள் கோணலையும் அளந்து திரையில் பெயரோடு காட்டியது. மில்லிலேயே என்னுடையதுதான் அதிகம். எனக்கு அதில் பெருமை. பெரிய வேலை என்று என்னைக் கடைசிக்கு வைத்திருந்தது.

கேன்டீன் கிட்டுசாமி வலது காலை இழுத்து நடப்பவர். இடது காலை இழுத்து ஒருவர் எதிரே வந்தார். வராந்தாவில் சந்தித்தார்கள். அன்றிலிருந்து டீயை நாங்களே ஊற்றிக்கொண்டோம். திரையில் அலை வழவழவென்று இருந்தது.

அடுத்து என் மனைவி செந்தாமரை. நூல் சோதிக்கும் லேப்பில் வேலை. எல்லோரும் சிரித்து முடித்த பிறகும் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவளைக் கட்டினேன். ஒரு மத்தியானம் அவளைப் போலவே ஒருத்தி வந்து எதிரே உட்கார்ந்தாள். அதே நீளத்துக்கு அழுதாள். அழுதபடியே நாற்காலியைச் செந்தாமரை பக்கம் நகர்த்தினாள்.

மேனேஜரிடம் ஓடினேன். வராந்தா அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. வழியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது.

"பெட்டிய நிறுத்தோணுங்க. என் சம்சாரத்த எடுத்துக்கப் பாக்குது."

"அலை எப்படி இருக்குது?"

"சுத்தமாத்தான் இருக்குதுங்க."

"அப்பறம் என்ன குறை உங்களுக்கு?"

பக்கத்தில் வாஸ்து பார்ப்பவர் உட்கார்ந்திருந்தார். நூல் அறுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அளக்கும் வளையத்தின் மேல் ஓர் அம்புக்குறி உண்டு. அது மெஷின்களைப் பார்த்து இருக்க வேண்டும். மெஷின்கள் தெற்கே இருந்தன.

"அம்பு எமன் திசையப் பாத்து நிக்குதுங்க," என்றார் அவர். "குபேரன் பக்கம் திருப்பிருங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அம்பைத் திருப்பினால் பெட்டிக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். கோணலைக் கழிக்காமல் இன்னொரு பங்கு கூட்டிவிடும். ஒயர்மேன் பரீட்சையில் தோற்றவனுக்குக்கூட இது தெரியும். வேறொரு நாளாக இருந்தால் அந்த வாஸ்துக்காரரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

"சரிங்க சார்," என்றேன்.

வாஸ்துக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் லைனை நிறுத்தி, வளையத்தைக் கழற்றி, அம்பை வடக்கே திருப்பி மாட்டினேன். அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தார்கள்.

லேப்பில் செந்தாமரைக்கு எதிரே அழுதுகொண்டிருந்தவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கிட்டுசாமி இரண்டு பேராக டீ கொண்டுவந்தார். இருவரும் வலது காலையே இழுத்தார்கள். ஐந்தாமவன் இரண்டு பேராகப் பின்பக்கமாக வந்து ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்டான். கெப்பாசிட்டர்கள் வரிசையாக வெடித்தன. ரங்கநாயகம் இரண்டானார். வாஸ்துக்காரரும் இரண்டானார். நால்வரும் புகைக்குள் நின்று வடக்கு எது என்று சண்டை போட்டார்கள்.

நான் மட்டும் ஒருவனாகவே இருந்தேன். திரையில் என் பெயரைத் தேடினேன். அதற்கு நேரே பூஜ்யம் என்று இருந்தது. கூட்டுவதற்கு என்னிடம் கோணல் எதுவும் இல்லையாம்.

சாயங்காலம் செந்தாமரை இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து நடந்ததைச் சொன்னேன்.

"நீங்களா சரிங்க சார்னு சொன்னீங்க?" என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

ஆமாம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். அவர்கள் ஓய்ந்து, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார்கள். நான் வழவழவென்று உட்கார்ந்திருந்தேன்.