சென்றிப் பாடம்

அந்த வாரத்துக்கான ஆங்கிலப் பாடம் மிருகக்காட்சிச்சாலை. அதை வாசிக்கத் தொடங்கினால் பத்தாம் வகுப்பின் பின்வாங்கில் இருக்கிற பிள்ளைகளின் தலைகள் சாயும் என்று அருந்ததி ரீச்சருக்குத் தெரியும். ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீளம் என்று ஆங்கிலத்தில் சொல்லப் பழகி கோப்பாய் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன ஆகப்போகிறது? அது எண்பத்தெட்டாம் ஆண்டு. சந்திக்குச் சந்தி இந்தியன் ஆமியின் சென்றி, ஆட்களை மறித்துக் கேள்வி கேட்கும் காவலரண். கேள்வி ஆங்கிலத்தில் வரும், இல்லாவிட்டால் ஹிந்தியில் வரும். பதில் தெரியாமல் முழித்த பெடியள் அடி வாங்கினார்கள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து வேறொரு பாடம் யோசித்தாள். வகுப்பையே ஒரு சென்றியாக்குவது. ஒருவர் ஆமி, மற்றவர்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள். எங்கே போகிறாய், பையில் என்ன, அடையாள அட்டை எங்கே. கேள்வியும் பதிலும் ஆங்கிலத்திலேயே நடக்கவேண்டும்.

ஆமியாக வர ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் வாயே திறக்காத கனகாம்பிகை எழும்பினாள். மூலையில் இருந்த, வகுப்புக் கூட்டும் தும்புத்தடியைச் சுடுகிற துவக்குப்போல நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீரைப்பையோடு வந்த சிமியோனைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் வகுப்பே திடுக்கிட்டது.

"ஹோல்ட்! ஹாண்ட்ஸ் அப்!"

பிள்ளைகள் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், குறுகலான ஒழுங்கையில் போய்க்கொண்டிருந்த ஆமிச் சப்பாத்துச் சத்தம் அந்த நேரத்தில் நின்றுபோனதை அருந்ததி மட்டும் கேட்டாள். அடுத்த கணம் அரைச்சுவருக்கு மேலால் துவக்குகள் நீண்டன. சிரிப்பு அப்படியே அறுந்தது. சொல்லாமலே எல்லாப் பிள்ளைகளும் கையை உயர்த்தினார்கள். கனகாம்பிகையால் மட்டும் உயர்த்த முடியவில்லை. தடியை இறுக்கிப் பிடித்தபடி விறைத்து நின்றாள்.

"கனகம், அதைக் கீழை போடு."

அவளுக்குக் கேட்கவில்லை. அருந்ததி நடந்துபோய்த் துவக்குகளுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, விரல் விரலாக விலக்கித் தடியை எடுத்தாள். பிறகு திரும்பி, இது ஆங்கிலப் பாடம் சேர் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அந்த ஆமிக்காரரின் கப்டன் உள்ளே வந்தான். கரும்பலகையில் எழுதியிருந்த கேள்விகளை வாசித்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். தன் தாயும் லக்னோவில் ஆங்கில ஆசிரியைதான் என்றான். அருந்ததியிடமிருந்து தடியை வாங்கிக் கனகாம்பிகையிடம் கொடுத்துவிட்டு, தானே ஊர்ச்சனமாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பிள்ளைகள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தார்கள். மணி அடிக்கும்வரை அவன் போகவில்லை. போகும்போது வாசலில், பஸ்ஸுக்கு நின்ற சனம் பார்க்க அருந்ததிக்குக் கை கொடுத்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆங்கிலப் பேப்பர்கள் கொண்டுவந்து தருவதாகச் சொன்னான்.

அந்தக் கைகொடுப்புத்தான் அவளைப் பயப்படுத்தியது. ஆமியோடு சிரித்துக் கதைத்தவர்களை, ஆமியோடு சண்டை பிடிக்கும் இயக்கப் பெடியள் என்ன செய்வார்கள் என்பதை ஊரில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அடுத்தநாள் பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் போகையில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பெடியனும் சைக்கிளில் வந்து அவளுக்குச் சமமாக ஓடினான். முன்னே பின்னே பார்த்த முகமில்லை.

"அக்கா, கப்டன் கனநேரம் நிண்டவராம்."

"பாடம் பாத்தவர், தம்பி. வேறை ஒண்டும் கதைக்கேல்லை."

"திரும்பியும் வருவாராமே?"

"அப்பிடித்தான் சொன்னவர். நான் கூப்பிடேல்லை."

"வராமல் பாத்துக்கொள்ளுங்கோ."

மரியாதையாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு ஒழுங்கைக்குள் திரும்பினான்.  அருந்ததி இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தாள்.

வரவேண்டாம் என்று கப்டனிடம் எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பான். யார் சொன்னது என்று கேட்பான். பிறகு ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றிவளைப்பு நடக்கும். பள்ளிக்கூட அதிபர் ஏரம்பு மாஸ்டரிடம் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, "எனக்கு ஒண்டும் சொல்லாதையும் பிள்ளை" என்றார்.

கப்டன் தானாக வராமல் விடவேண்டும். அதற்கு ஒரே வழிதான் அவளுக்குத் தெரிந்தது. பிள்ளைகளைத் தூங்கவைக்காமல் இருக்க இத்தனை வருசம் பாடம் யோசித்தவள், அந்தக் கிழமை முழுக்க ஒரு பெரிய மனிதனைக் கொட்டாவி விடவைக்கும் பாடத்தை யோசித்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் சொன்னாள். "நாளைக்கு ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. அவர் கேட்டால் யெஸ் சேர், நோ சேர். அவ்வளவும்தான்."

"பயமா இருக்கோ ரீச்சர்?" என்று கனகாம்பிகை கேட்டாள்.

"ஓம்."



செவ்வாய்க்கிழமை கப்டன் பேப்பர் கட்டோடு வந்து முன்வாங்கில் இருந்தான். அருந்ததி கரும்பலகைப் பக்கம் திரும்பி, செய்வினை வசனங்களைச் செயப்பாட்டுவினையாக்கி எழுதிக்கொண்டேயிருந்தாள். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். அவன் சிமியோனைச் சிரிக்கவைக்க ஏதோ பகிடி சொன்னான். "யெஸ் சேர்" என்றான் சிமியோன். கனகாம்பிகையிடம் இன்றைக்குத் துவக்கு எங்கே என்று கேட்டான். "நோ சேர்" என்றாள் அவள், குனிந்த தலை நிமிராமல். கரும்பலகையில் வெண்கட்டி கீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. வெண்கட்டி அருந்ததியின் கையில் இரண்டு தரம் முறிந்தது.

பாதி நேரத்தில் அவன் எழும்பினான். போன கிழமை நன்றாக இருந்ததே என்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை, ஏமாற்றந்தான் இருந்தது. அவள் அடுத்த வசனத்தை எழுதத் தொடங்கினாள். ஒருகணம் அவளையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தான். வேண்டுமென்றே செய்வது விளங்கிவிட்டதோ என்று அவள் நினைத்தாள். அவன் பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். சப்பாத்துச் சத்தம் ஓய்ந்த பிறகும் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தச் சொல்லவில்லை.

கப்டன் பிறகு வரவில்லை. அந்தப் பெடியன் ஒருநாள் சந்தியில் அவளைக் கடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக அவள் நிம்மதியாகச் சைக்கிள் மிதித்தாள் என்றில்லை. பின்னால் மணிச்சத்தம் கேட்டாலே ஓரம் கட்டி நின்றுவிடுவாள்.

ஒரு மாதம் இலக்கணம் மட்டும் நடந்தது. பிறகு ஒருநாள் சிமியோன்தான் கேட்டான். "ரீச்சர், மெல்லமா நடிப்பமோ?"

அருந்ததி ஒழுங்கையைப் பார்த்தாள். ஒரு பிள்ளையை அரைச்சுவரோரம் காவலுக்கு இருத்தினாள். அன்றைக்கு வகுப்பு ஆஸ்பத்திரியானது. கனகாம்பிகை டொக்டர். எங்கே நோகிறது என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டது முன்வாங்குக்கே கேட்கவில்லை. எல்லாரும் வாங்கை இழுத்துக் கிட்டவந்து, தலைகள் முட்ட, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.