சீமாட்டியின் நாற்பது கிலோ

சில உடம்புகள் காற்றைக் குடித்தாலே சதை போடும். எங்கள் குதிரை சீமாட்டிக்கு வாய்த்தது அப்படி ஒரு உடம்பு. பார்க்கிறவர்கள் எல்லாம் "வயித்துல குட்டியா?" என்று கேட்பார்கள். குட்டியும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் கொழுப்பு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நானும் அண்ணனும் அண்ணியும் சேர்ந்து நடத்தும் குதிரையேற்றப் பள்ளியில் மற்ற ஐந்து குதிரைகளும் ஒழுங்காகத்தான் இருந்தன. ஒரு நாள் காலையில் சீமாட்டி மட்டும் கொட்டடியை விட்டு நகர மறுத்தாள். முள்மேல் நிற்பவள்போல முன்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்தாள். டாக்டரம்மா வந்து குளம்பைத் தொட்டதும் காலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"கொழுப்பு ஏறி குளம்புக்குள்ள வீக்கம் வந்திருக்கு. இந்தத் தடவை மருந்துல சரியாயிடும். உடம்பு குறையலைன்னா திரும்ப வரும். அப்படி வந்தா ஊசி போட்டு அனுப்பிடறதுதான் அவளுக்கு நாம பண்ற நல்லது."

"எவ்வளவு குறையணும் டாக்டர்?"

"நாப்பது கிலோ. மழை வந்து புதுப்புல் முளைக்கறதுக்குள்ள. நாலு மாசம் இருக்கு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினோரு வருடம் என்னைச் சுமந்தவள் அவள்.

அன்றைக்கே நான் சர்வாதிகாரி ஆனேன். தானியப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன். காய்ந்த புல்லைத் தராசில் நிறுத்து, அதிலுள்ள சர்க்கரை கரைந்து போகட்டும் என்று ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து போட்டேன். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் நிறுத்தினோம்; முதல் நாள் அவள் நானூற்று ஐம்பத்திரண்டு கிலோ. ஒரு மாதப் பட்டினிக்குப் பிறகு நானூற்று ஐம்பத்தொன்று!

"யாரோ திருட்டுத்தனமா ஊட்டி விடறாங்க," என்றேன், அண்ணியைப் பார்த்துக்கொண்டே. கையில் இருப்பதை அடுத்தவர் வாயில் வைக்காவிட்டால் அண்ணிக்குத் தூக்கம் வராது.

"அதை ஏன் என்னைப் பார்த்துச் சொல்றே?"

"வேற யாரைப் பார்த்துச் சொல்லணும்?"

"சத்தியமா ஒரு கேரட் துண்டுகூடக் குடுக்கலை."

நான் நம்பவில்லை. அவரிடமிருந்த கொட்டடிச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன் இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டு திரிந்தான்.

கால் வலிக்காரி ஆயிற்றே என்று தினமும் சாயங்காலம் அவளுக்கு வைக்கோலை மெத்தைபோல முழங்கால் உயரம் பரப்புவேன். காலையில் அது பாதியாகியிருக்கும். மிதிபட்டு அமுங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். நான்காம் நாள் பரப்பிவிட்டுத் திரும்பும்போது மூக்குக்கண்ணாடியை அங்கேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனேன்.

சீமாட்டி மெத்தையைத் தின்றுகொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல், நல்ல தாளாகப் பொறுக்கி, ரசித்துத் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

நேராக அண்ணியிடம் போனேன். "அண்ணி, திருடி அகப்பட்டுட்டா."

"யாரு?"

"நான்தான்." சாவியை நீட்டினேன். வெட்கத்தில் அழுகை வந்தது. "தினம் வைக்கோலை நானே பரப்பி, அதை அவ தின்னு... உங்களைத் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

அண்ணி என்னை ஒரு நிமிடம் முறைத்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "படுக்கையிலயே பந்தி போட்டிருக்கியேடி! நானா இருந்தா ஒரு கேரட்டோட நிறுத்தியிருப்பேன்."

மறுநாளே வைக்கோல் போயிற்று, மரக்கடையிலிருந்து மரத்தூள் வந்தது. சீமாட்டி அதை முகர்ந்து பார்த்து, தும்மி, இரண்டு நாள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குளம்பு வீக்கம் வடிந்ததும் டாக்டரம்மா சொன்ன கணக்குப்படி நடை ஆரம்பித்தது. காலையில் நான், சாயங்காலம் அண்ணி. அடுத்த மாதம் நானூற்று முப்பத்தாறு. அதற்கடுத்து நானூற்று இருபத்திரண்டு. விலா எலும்பு முதல் தடவையாக விரலுக்குத் தட்டுப்பட்டபோது, ஏதோ புதையல் கிடைத்த மாதிரி அண்ணனைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன்.

கடைசி எடைக்குப் போன அன்று வானம் கறுத்திருந்தது. டாக்டரம்மாவும் அங்கேயே வந்துவிட்டார். வண்டியிலிருந்து இறக்கி அவளை மேடையில் நிறுத்தினோம். டிரைவர்கள் லாரிகளை விட்டிறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"நானூத்தி ஒம்போது!" என்று எடைக்காரர் ஜன்னல் வழியாகக் கத்தினார்.

நாற்பதுக்கு மேலே மூன்று! யாரோ விசில் அடித்தார்கள். நான் மட்டும் டாக்டரம்மாவின் கையிலிருந்த இடுக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நான்கு குளம்புகளையும் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தார். சீமாட்டி காலை இழுக்கவில்லை. கொட்டாவி விட்டாள்.

"எதுக்கு வண்டி?" என்றார் டாக்டரம்மா, இடுக்கியைப் பையில் போட்டுக்கொண்டே. "இந்தக் கால் நல்ல கால். நடத்தியே கூட்டிட்டுப் போங்க."

அண்ணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். நான்கு மாதத்துக்கு முன்னால் மண்தரையில் ஊன்றவே பயந்த கால்கள் இப்போது கெட்டித் தாரில் டக்டக்கென்று விழுந்தன. முதல் தூறல் விழுந்ததும் அவளாகவே ஓட்டம் பிடித்தாள்.

"மெதுவாப் போகச் சொல்லுடி, எனக்கு மூச்சு வாங்குது!" என்று அண்ணி கத்தினார்.

"முடியாது அண்ணி!" என்று அழுதுகொண்டே சிரித்தேன். எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு சீமாட்டி வீடுவரை ஓடினாள்.