வீட்டிலிருந்து ஒரு தாள்

திருப்பாலைக்குடி ஆரம்பப் பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். நடுவில் ஒரு வார்த்தையில் விரலை வைத்து "இது என்னலே?" என்றால் திருதிருவென்று முழிப்பார்கள். யாகப்பம்மாள் டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. நான் என்ன கிளி வளர்க்கவா வந்தேன் என்று எரிந்து விழுந்தவள், "நாளைக்கு ஆளுக்கொரு தாள் வீட்டுலருந்து கொண்டு வரணும். அதைத்தான் படிக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் மருந்துச் சீட்டும் கல்யாணப் பத்திரிகையுமாக வந்து குவிந்தன. தங்கசாமி சுவரிலிருந்த தேர்தல் நோட்டீஸையே பசை காயுமுன் பிய்த்து வந்திருந்தான். டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சபியாவின் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அடங்கிப்போனது.

அது சபியாவின் அத்தா சதக் கொழும்பிலிருந்து எழுதியது. படிக்கத் தெரியாத பெண்கள் கடிதம் வந்தால் மதிய நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குத்தான் எடுத்து வருவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சபியாவின் அம்மா குல்சும் அவளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து இதே கடிதத்தை டீச்சரிடம் நீட்டியபோது நிறைமாதமாக இருந்தாள். 'இங்கே வேறு நிக்காஹ் செய்துகொண்டேன், இனி என்னை எதிர்பார்க்க வேண்டாம்' என்பதை அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டு எப்படிப் படிப்பது? "சுகமா இருக்காராம். கடையில வேலை சாஸ்தியாம். பெருநாளைக்கு வாராராம்" என்று டீச்சர் படித்துவிட்டாள். பிரசவம் ஆனதும் சொல்லிவிட நினைத்தாள். பிறகு பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழியட்டும் என்று நினைத்தாள். எத்தனையோ தடவை வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டாள். குல்சும் இன்னும் பெருநாளுக்குப் பெருநாள் பஸ் நிற்கும் இடத்தில் போய் நிற்கிறாள்.

"நீ நாளைக்குப் படி சபியா."

"இன்னைக்கே படிச்சிருவேன் டீச்சர்." எழுந்து நின்று, வரிக்கடியில் விரலை வைத்து நகர்த்தினாள். "குல்சுமுக்கு ஸலாம். சுகமா இருக்கேன். கடையில வேலை சாஸ்தி. பெருநாளைக்கு வாரேன்."

யாகப்பம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அன்றைக்குக் காதால் கேட்டதை ஒப்பிக்கிறது பிள்ளை. மாதாவே, இதுக்கு இன்னும் படிக்க வரவில்லை! ஒரு வாத்தியாரம்மா அதற்குப் போய் நன்றி சொன்னாள்.

மணி அடித்ததும் மற்றவர்கள் ஓடினார்கள். சபியா மட்டும் மேசையருகே வந்தாள்.

"டீச்சர், நீங்க அன்னைக்கு அம்மாவுக்குப் படிச்ச மாதிரியே படிச்சேனா?"

டீச்சர் கையிலெடுத்த பையை மறுபடியும் மேசைமேல் வைத்தாள்.

"வேற தாள் எங்க வீட்டுல இல்ல டீச்சர். போன மாசந்தான் முழுசும் படிச்சேன். நிக்காஹ்ங்கிறதைக் கூட்டிப் படிக்க ரெண்டு நாளாச்சு. அம்மா தினமும் படிக்கச் சொல்லுது. நானும் இப்படியே படிச்சுருவேன்."

எட்டு வயசுப் பிள்ளையின் தலையில் தன் பொய்யைத் தூக்கி வைத்துவிட்டோமே என்று யாகப்பம்மாளுக்கு நெஞ்சு வெடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வா தாயி, வீட்டுக்குப் போவோம். நானே உங்கம்மாகிட்ட சொல்றேன்."

சபியா அவள் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர். நான் படிச்சுக் காட்டினாத்தான் அம்மா சாப்பிடுது."