முப்பதில் தோற்ற கடைசி ஆட்டம்

மத்தியானம் செய்தி வந்தது. லீக்கை இழுத்து மூடிவிட்டார்கள். பிரெய்ரி தொழில்முறைக் கூடைப்பந்து லீக் என்று பெயர் மட்டும்தான் பெரிது. மற்றபடி ஏழு சின்ன ஊர், ஏழு அணி, பனியில் மக்கர் பண்ணும் பஸ்கள். முதலாளிகள் கையை விரித்துவிட்டார்கள். டிக்கெட் விற்றாயிற்றே என்று, ஹார்லோவில் அன்று மாலை ஆட்டத்தை மட்டும் ஆடிவிட்டுப் போகச் சொன்னார்கள். என்ன ஒரு பெரிய மனசு!

வெண்டல் ப்ரூயிட் ஹார்லோ அணியின் ஆட்டக்காரன். பத்து வருஷம் இந்த லீக்கில் முழங்காலைத் தேய்த்தவன். பெரிய லீக்கிலிருந்து ஒரு நாளும் அழைப்பு வரவில்லை. ஹார்லோப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். இனி அவனுக்கிருந்த ஒரே வழி, ஊர்ப் பள்ளியின் பயிற்சியாளர் வேலை. தலைமையாசிரியை திருமதி டால்கார்ட் அவனைப் பார்க்கத்தான் முதல் முறையாக அரங்குக்கு வந்திருந்தார்.

"நாடோடிப் பசங்க, பாதியில விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு கமிட்டியில சொல்றாங்க, மிஸ்டர் ப்ரூயிட். என் கண்ணால பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

பார்க்க என்ன இருந்தது! செய்தி கேட்டதுமே பாதி அணி பெட்டியைக் கட்டிவிட்டது. மிச்சம் ஆறு பேர். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்று முடிந்தபோது ஹார்லோ முப்பத்தொரு பாயிண்ட் பின்னால் கிடந்தது. எதிரணி பெஞ்சில் ஒரே சிரிப்பு. ஹார்லோவின் வாயாடி டாரியஸ் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திருடா. இன்னும் ஒரு பகுதி இருக்கு" என்றான் வெண்டல்.

"அண்ணே, லீக்கே செத்துப்போச்சு. பொணத்துக்குப் பவுடர் பூசச் சொல்றியா?"

"இந்தப் பகுதிக்கு ஒரு புள்ளி உண்டுல்ல?"

"எந்தப் பட்டியல்ல ஏத்துவே?"

"தெரியாது. அது நம்ம புள்ளிடா. அவனுங்களுக்கு ஏன் சும்மா தரணும்?"

அந்த லீக்கின் வழக்கமே தனி. ஆட்டத்தை ஜெயித்தால் லீக் பட்டியலில் மூன்று புள்ளி. அதுபோக, எந்தப் பகுதியை யார் ஜெயித்தாலும் அவர்களுக்கு ஒரு புள்ளி. அதனால் ஹார்லோக்காரர்கள் பெரிய ஸ்கோர் பலகைக்குக் கீழே ஒரு சின்னப் பலகை மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் அதில் இரண்டு பக்கமும் பூஜ்யம். அடிக்கடி தோற்கிற ஊருக்கு அதுதான் குலதெய்வம்.

டாரியஸ் முணுமுணுத்துக்கொண்டே துண்டை வீசினான். முதல் நான்கு பாயிண்ட் அவனே போட்டான். கூட்டம் பெரிய பலகையை மறந்தது. எதிரணிக்காரர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அவர்களும் இதே லீக்கில் வளர்ந்தவர்கள், அந்தப் புள்ளி அவர்களுக்கும் வேண்டியிருந்தது. அப்புறம் நடந்ததுதான் ஆட்டம்! இடித்தார்கள், விழுந்தார்கள், நடுவரைத் திட்டினார்கள். சின்னப் பலகையில் ஹார்லோ இருபத்திரண்டு, எதிரணி இருபத்துமூன்று. டாரியஸ் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. வெண்டல் முழங்கால் கதறக் கதற எம்பி, பந்தைப் பிடித்து, உள்ளே தள்ளினான். மணி அடித்தது. ஊரே எழுந்து கத்தியது.

திருமதி டால்கார்ட் படி இறங்கி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான் வெண்டல்.

"முப்பது பாயிண்ட்ல தோத்திருக்கீங்க. எல்லாரும் எதுக்கு இப்படிக் கத்தறாங்க?"

மூச்சு வாங்க, சின்னப் பலகையைக் காட்டினான். "இந்தப் பகுதி நாங்க ஜெயிச்சோம், மேடம்."

அவர் பலகையை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

"எங்க பசங்க ரெண்டு வருஷமா ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. பாதி ஆட்டத்துலயே தலையைத் தொங்கப் போட்டுடறாங்க" என்றார். பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க. வரும்போது அந்தச் சின்னப் பலகையையும் கழட்டி எடுத்துட்டு வாங்க."

 வெண்டலுக்குக் கண் நிறைந்தது.

"அண்ணே, அழுதது போதும்" என்றான் டாரியஸ், எங்கிருந்தோ ஏணியை இழுத்து வந்தபடி. "நீ ஏறு, நான் பிடிச்சுக்கறேன்."